மச்சானின் தலை

லிஃப்ட்காரர் எடுக்கிற படங்களில் அவருடைய மச்சானுக்குத் தலை இருக்காது. மீசை வரைக்கும் வருவார். சில படங்களில் அதுகூட இல்லாமல் சட்டையின் மேல் பொத்தானோடு நின்றுவிடுவார். கல்யாணமான புதிதில் எடுத்த படத்திலிருந்து போன வருஷம் எடுத்தது வரை இதே கதைதான். மற்றவர்கள் பெரும்பாலும் மூக்கும் முழியுமாக விழுந்திருப்பார்கள். மனைவியின் கூடப்பிறந்த ஒரே அண்ணனுக்கு மட்டும்தான் இந்தத் தலைவிதி.

இத்தனைக்கும் லிஃப்ட்காரர் கை சுத்தமான ஆள். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்; நகக்கண் அளவு ஏறி இறங்கினாலும் யாராவது ஒருவர் தடுக்கி விழுந்து அவரைத் திட்டுவார். இரண்டு தரையை ஒன்றாக்கிப் பிழைக்கிறவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா பிடித்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த வகைக் கேமராவில் லென்ஸ் ஒரு பக்கம், கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல் அதற்கு மேலே தனியாக ஒரு மூலையில். ஜன்னலுக்குள் பார்த்தால் நடுவில் ஒரு சின்னச் சதுரம் பளிச்சென்று இருக்கும். சதுரத்துக்குள் அகப்பட்டவர் மட்டும் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே ஆளாகிவிடும். அந்த நொடியில் அமுக்கினால் படம் கூர்மையாக விழும். லிஃப்ட் சரியாக மாடியில் வந்து நிற்கிற சுகம் அவருக்கு அதில் கிடைத்தது.

அந்தப் பழைய கேமரா அவரிடம் வெகு காலமாக இருக்கிறது. ஃபிலிம் போட்டு எடுப்பது. போனில் எடுத்தால் ஆகாதா என்று கேட்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்ல மாட்டார், அவர்களையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துவிடுவார். ஆனால் கொஞ்ச நாளாக அவருக்கு வேறொன்றின் மேல் கண் விழுந்திருந்தது. வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு கேமராக் கடை. அங்கே கண்ணாடி அலமாரியில், அவருடைய கேமராவின் குடும்பத்திலேயே பின்னால் பிறந்த தம்பி ஒன்று உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தைத் தானே அளந்து சொல்லும். ஜன்னல் பெரிசு. உள்ளே கண்ணாடி துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அவர் தினமும் போய், "சும்மா பார்க்கலாம்னு வந்தேன்," என்பார். இந்தச் சும்மாவைக் கேட்டுக் கேட்டு, அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர் அலமாரியைத் திறந்து வைத்துவிடுவார்.

ஆசைக்குக் குறைவில்லை. காரணத்துக்குத்தான் பஞ்சமாக இருந்தது. வீட்டில் ஒரு கேமரா நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று மனைவி கேட்டால் என்ன சொல்வது? கனவில்கூட அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லி ஜெயித்ததில்லை.

கடைக்காரர்தான் ஒரு நாள் வழி காட்டினார்.

"உங்க பழசுல ஒரு கோளாறு இருக்கு சார். கேமராவோட தப்பு இல்ல, அந்தக் காலத்து அமைப்பே அப்படி. பார்க்கிற ஜன்னல் மேல இருக்கு, படம் பிடிக்கிற லென்ஸ் கீழ இருக்கு. கிட்டக்க நின்னு எடுத்தா ஜன்னல் பார்க்கிறது ஒண்ணு, லென்ஸ் பார்க்கிறது ஒண்ணு. மேல இருக்கிறது வெட்டுப்படும். இதுல பாருங்க, படத்தோட எல்லைக்கு நாலு பக்கமும் வெள்ளையா கோடு தெரியுதா? வளையத்தைத் திருகினா கோடே கீழ இறங்கி வந்து சரியான இடத்தைக் காட்டும்."

"மேல இருக்கிறது வெட்டுப்படுமா?" லிஃப்ட்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார். "அதாவது, தலை?"

"தலைதான் சார் மேல இருக்கும்."

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது. அன்று அவர் வீட்டுக்கு நடந்து போன வேகத்தில் எந்த லிஃப்டும் ஏறியதில்லை.

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். லிஃப்ட்காரர் ஜன்னலையும் லென்ஸையும் விளக்கினார், காற்றில் இரண்டு கையாலும் கோடு போட்டுக் காட்டினார், உன் அண்ணனுக்காகத்தான் இந்தச் செலவையே யோசிக்கிறேன் என்று முடித்தார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நானும் தினம் படம்தான் எடுக்கிறேன்," என்றாள். "கால்னு எழுதி வந்தா கால் எடுக்கிறேன். தலைன்னு எழுதி வந்தா தலை எடுக்கிறேன். ஒரு நாள் தலையை விட்டுட்டு மீசையை மட்டும் எடுத்து அனுப்பினா, டாக்டர் மிஷினை மாத்துவாரா, என்னை மாத்துவாரா?"

"அது வேற, இது வேற."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பிறகு, அன்று அவள் மனதை அழுத்திக்கொண்டிருந்த விஷயத்தைச் சொன்னாள். அண்ணனுக்கு விசா வந்துவிட்டது. வேறு நாட்டில் இருக்கிற மகனோடு போய் இருந்துவிடப் போகிறார். அண்ணி காலமான பிறகு தனியாக இருந்து அலுத்துவிட்டது. போனால் போனதுதான், திரும்பி வருகிற உத்தேசம் இல்லை.

"மத்தியானம் போன்ல பேசினாரு. எல்லாம் பேசி முடிச்சு வைக்கிறப்போ என்ன சொன்னாரு தெரியுமா? 'உன் வீட்டுக்காரர் மனசுல எனக்கு இடம் கிடையாதும்மா, அதான் படத்துலயும் கிடையாது'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல."

"போன்ல எடுத்த படம் ஆயிரம் இருக்கே, அதுல எல்லாம் தலை இருக்கே."

"போன்ல யார் வேணா எடுப்பாங்க. நீங்க எடுத்ததுல ஒண்ணுலகூட இல்லங்கிறதுதான் அவருக்குக் குறை. இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு இருக்காரு. அந்த நெனப்போட அவர் விமானம் ஏறக் கூடாதுங்க. அவ்ளோதான் எனக்கு வேணும். கேமராவை மாத்துவீங்களோ கையை மாத்துவீங்களோ, அது உங்க பாடு."

மச்சானின் மனத்தாங்கலுக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில் அவர் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றவர். "நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு, சாயங்காலம் ஏறின இடத்துலயே இறங்குற ஆளு. இவரை நம்பி எப்படிப் பொண்ணைக் கொடுக்கிறது?" என்று சொன்னார். அது லிஃப்ட்காரர் காதுக்கும் வந்து சேர்ந்தது. இம்மாதிரி வாக்கியங்கள் எந்தக் காலத்திலும் வழி தவறுவதில்லை. தங்கையின் பிடிவாதத்தில் கல்யாணம் நடந்து முடிந்தது. ஆனால் மாப்பிள்ளை அந்தச் சொல்லை மறக்கவில்லை, பழிவாங்கக் கத்தியை எடுக்க முடியாமல் கேமராவை எடுத்திருக்கிறார் என்பது மச்சானின் தீர்மானம். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு தப்பு ஒரு முறை நடந்தால் பிழை, ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப நடந்தால் ஆக்கிரமிப்பு என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

லிஃப்ட்காரர் மறுநாளே கடைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் மனம் இளகியது. வியாபாரிக்கு மனம் இளகுவதில் ஒரு நேரமும் காலமும் உண்டு. பழையதை ஈடாக வைத்துவிட்டுப் புதியதைக் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள், பிடித்திருந்தால் பழையதை நானே எடுத்துக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்றார். இத்தனை வருஷம் கூட இருந்ததைக் கடையில் விட்டுவிட்டு வருவது லிஃப்ட்காரருக்கு என்னவோ போலத்தான் இருந்தது. கடையை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அது சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார், அவ்வளவு உயரம். தங்கை அவருடைய நெஞ்சுக்குத்தான் வருவாள். சின்ன வயதில் அவள் ஏதோ சாப்பிடாமல் விட்டதை அண்ணன் சாப்பிட்டுவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள்.

"புதுசு மச்சான்," என்று லிஃப்ட்காரர் கேமராவைக் காட்டினார். "இதுல கோடு தானா நகரும்."

"கோடு நகருமா?" மச்சான் வாங்கிப் பார்த்தார். "எங்க ஆபீஸ்ல கோடு நகர்ந்தா கோர்ட்டுக்குப் போவோம்."

"தலை விழும் மச்சான். அதுக்குத்தான்."

"எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் மாப்பிள்ளை. மத்த ஏழு சாணை எத்தனையோ தடவை எடுத்துட்டீங்க. இதையும் ஒரு தடவை எடுத்துருங்க, நான் நிம்மதியா போயிடறேன்."

மனைவி சிரித்தாள், ஆனால் கணவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. அண்ணனும் தங்கையும் பால்கனியில் நின்றார்கள். லிஃப்ட்காரர் உட்காரச் சொல்லிப் பார்த்தார். மச்சான் படத்துக்கு உட்காருகிற ஆள் இல்லை. வெயிலில் அளவைக் கருவியின் முக்காலிக்குப் பின்னால் நின்றே பழகிய முதுகு அது. லிஃப்ட்காரரும் தள்ளி நின்று எடுக்கிற ஆள் இல்லை. முகம் தெரிய வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. பால்கனியில் ஒன்று, கதவோரம் ஒன்று, புத்தக அலமாரிக்கு முன்னால் ஒன்று என்று ஒரு ரோல் முழுக்க அவர்கள் இரண்டு பேரையே எடுத்துத் தள்ளினார். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் மச்சானின் தலை முழுசாக, சீவிய முடியோடு தெரிந்தது. அதை அவர் சத்தியம் பண்ணிச் சொல்வார்.

ஃபிலிம் கழுவிப் படம் போட்டு வந்த அன்று கடைக்காரரே உறையைப் பிரித்தார். முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"மூக்கு வந்துருச்சு சார்."

லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். வந்துதான் இருந்தது. பழைய கேமராவில் மீசையோடு முடிந்த மச்சான் இதில் மீசைக்கு மேலே ஏறி, மூக்கில் வந்து நின்றிருந்தார். அதற்கு மேலே படம் இல்லை. பக்கத்தில் லிஃப்ட்காரரின் மனைவி ஒவ்வொரு படத்திலும் கண்ணிமை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தாள்.

"முன்னேற்றம்தானே சார் இது. இதுக்கும் அடுத்த மாடல் ஒண்ணு இருக்கு, சொல்லி வச்சா வரும். அதுல கண்ணு வந்துரலாம்."

லிஃப்ட்காரர் உறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கேமராவின் தப்பு என்று மனைவியிடம் சொன்னார், நம்பியும் சொன்னார். இப்போது கேமரா மாறிவிட்டது, தலை மட்டும் இன்னும் வரவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது அவர்தான். மச்சான் சொல்வது உண்மையாக இருக்குமோ? ஏறின இடத்திலேயே இறங்குகிறவன் என்ற அந்தச் சொல்லை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். மனசு மறந்து, கை மறக்காமல் இருந்தால்? மறுநாள் வேலையில், லிஃப்டின் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கெட்டவன் முகம் போலத் தெரியவில்லை. ஆனால் கெட்டவர்கள் எல்லாருமே கண்ணாடியில் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள் என்று உடனே தோன்றியது. நாலாவது மாடியில் ஏறிய அம்மாள் ஒருத்தி, லிஃப்ட் ஓடுமா ஓடாதா என்று அவரை இரண்டு முறை கேட்டாள்.

மனைவியிடம் படம் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்தார். பொய் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்த சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே மச்சான் வந்து வாசலில் குனிந்தார். பயணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, படத்தைக் கையோடு வாங்கிப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். பையிலிருந்து அப்போதுதான் எடுத்த உறை சாப்பாட்டு மேஜை மேலேயே கிடந்தது. ஒளிக்க நேரமில்லை.

மச்சான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்து அடுக்கி வைத்தார்.

"மூக்கு வந்திருக்கு," என்றார்.

"ஆமா மச்சான்."

"உக்காருங்க மாப்பிள்ளை. இன்னைக்கு இதை அளந்துடுவோம்."

பழைய படங்களையும் எடுத்து வரச் சொன்னார். அலமாரியின் இழுப்பறை அப்படியே மேஜைக்கு வந்தது. மச்சான் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலையும் பேனாவையும் எடுத்தார். ஓய்வு பெற்றவர் அலுவலகத்தைத்தான் விட்டிருந்தார், இவற்றை விடவில்லை. முதலில் கேமராவைக் கையில் வாங்கி, ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் என்று அளந்தார்.

"ரெண்டு விரல். பழசுலயும் இவ்ளோதானே?"

"அதேதான்."

"சரி. ஜன்னல் ரெண்டு விரல் மேல இருந்தா, எதிர்ல நிக்கிறவன் தலையில ரெண்டு விரல் போகும். நியாயம். புதுசுல கோடு நகர்ந்து அந்த ரெண்டு விரலைத் திருப்பிக் கொடுத்துடுச்சு. மீசையில இருந்து மூக்கு. கணக்கு நேராயிடுச்சு. கேமரா செஞ்ச தப்பு அவ்வளவுதான் மாப்பிள்ளை. மூக்குக்கு மேல இருக்கிற மீதித் தலை யார் கணக்கு?"

இனி மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை.

"எனக்கே தெரியல மச்சான்," என்றார் லிஃப்ட்காரர். "நான் வேணும்னு செய்யல. அது மட்டும் நிச்சயம். ஆனா நீங்க அன்னைக்கு என்னைப் பத்திச் சொன்னது எனக்கு வலிச்சது உண்மை. அது மனசுல இல்ல, கையில தங்கிடுச்சோன்னு ரெண்டு நாளா பயமா இருக்கு. உங்களைப் பார்க்கவே கூசுது."

மச்சான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். இத்தனை வருஷம் மனசுக்குள் நடத்திவந்த வழக்கில் எதிராளி இப்படிச் சட்டென்று குற்றத்தை ஒப்புக்கொள்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தும் ருசிக்கவில்லை.

"கைக்கு ஏது மனசு? குறி எங்க வச்சிருக்கீங்கன்னு பார்த்தாத் தெரிஞ்சுடும்," என்றார். "நீங்க பார்க்கிற அந்தச் சதுரம் படத்துக்கு நட்ட நடுவுலதானே இருக்கு? மூலைக்கு மூலை கோடு போட்டா, ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் நடு. அந்த இடத்துலதான் உங்க குறி. என் கழுத்துல இருந்தா நீங்க குற்றவாளி."

முதல் படத்தை எடுத்து ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்து நீல மையில் கோடு இழுத்தார். மறு மூலைக்கு இன்னொன்று. கோடுகள் வெட்டிய இடத்தைப் பார்த்தார். அடுத்த படத்தை எடுத்தார். அதற்கும் கோடு போட்டார். பிறகு பால்கனிப் படம், கதவோரப் படம், வருஷம் தெரியாத பழைய படங்கள். ஒரு படத்தில் உறவினர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அதில் பாதிப் பேர் விளிம்புக்கு வெளியே போயிருந்தார்கள். மறுபக்கம் வெறும் சுவர் வேண்டிய மட்டும் விழுந்திருந்தது. வரிசையின் கடைசியில் நின்றவள் தங்கை. அதிலும் கோடு போட்டுப் பார்த்துவிட்டு மச்சான் பேனாவைக் கீழே வைத்தார்.

எல்லாப் படங்களிலும் இரண்டு கோடும் அவள் முகத்தில் வந்துதான் வெட்டின. சிலவற்றில் மூக்கு நுனியில், சிலவற்றில் இரண்டு புருவத்துக்கும் நடுவில். சர்வேயராக வேலை பார்த்த காலமெல்லாம் இவ்வளவு பிசகாத ஒரு புள்ளியை மச்சான் பார்த்ததில்லை.

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. கேமராவின் ஜன்னல் படத்தைவிடப் பெரிசு. கோட்டுக்கு வெளியே இருப்பதும் அதில் தெரியும், ஆனால் படத்தில் விழாது. மச்சானின் தலையை அவர் பார்த்தது உண்மை, கோட்டுக்கு வெளியே பார்த்திருக்கிறார். அவருக்குக் கோடு எங்கே ஞாபகம் இருந்தது? சதுரத்தைக் கொண்டுபோய் அவள் முகத்தில் வைப்பார். அவள் இரண்டாகத் தெரிவாள், ஒன்றாவாள், அவர் அமுக்கிவிடுவார். உயரமான மனிதன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான் என்பதே அவருக்கு உறைத்ததில்லை. அது தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதியாகவும் இருந்தது.

"மாப்பிள்ளை," என்றார் மச்சான். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. கணக்கே தெரியாம சொல்லிட்டேன்."

"விடுங்க மச்சான்."

"விட மாட்டேன். ரிக்கார்டுல ஏறணும். தப்பு."

அந்த நேரத்தில் கதவு திறந்து மனைவி உள்ளே வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் மேஜை அவள் கண்ணில் பட்டுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த தன் முகங்கள் அத்தனையும் மேஜை முழுக்கப் பரந்து கிடக்க, ஒவ்வொரு முகத்திலும் நீல மையில் ஒரு பெருக்கல் குறி.

"யாரு என் மூஞ்சியில கோடு போட்டது?"

"கோடு போட்டது நான்," என்றார் அண்ணன். "குறி வச்சது உன் வீட்டுக்காரர்."

பிறகு ஸ்கேலை வைத்துக்கொண்டு அவளுக்கு விளக்கினார். அவளுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. எடுக்க வேண்டியதை நடுவில் கொண்டுவருவதுதான் எக்ஸ்ரேயிலும் முதல் பாடம். ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தாள். உறவினர் வரிசைப் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். கணவன் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"அப்போ அந்தப் புது கேமரா எதுக்கு?" என்றாள் கடைசியில்.

லிஃப்ட்காரரிடம் சொல்லக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. தேடித் தேடிச் சேர்த்த ஒரே காரணத்தை மச்சான் ஸ்கேல் வைத்து அளந்து தீர்த்துவிட்டார்.

"ஆசை," என்றார்.

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எங்கண்ணன் தலையை எதுக்கு நடுவுல இழுத்தீங்க?"

"வாங்கட்டும்மா," என்றார் மச்சான். "மூக்கு வந்துச்சு இல்ல? அந்த ரெண்டு விரலுக்காவது வாங்கட்டும்."

"வாங்கட்டும், வாங்கட்டும். வேண்டாம்னு சொன்னா மட்டும் அந்தக் கடைப்பக்கம் போகாம இருக்கப் போறாரா?" அவள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு குட்டை முக்காலியைக் கொண்டுவந்து வெளிச்சம் விழுகிற ஜன்னலோரத்தில் போட்டாள். "அண்ணா, உக்காருங்க."

"நான் உக்காந்து..."

"உக்காருங்கண்ணா."

மச்சான் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. தங்கை பக்கத்தில் நின்றாள். அவள் தோளுக்குச் சமமாக அவர் தலை முதல் தடவையாக வந்து நின்றது. மேலே இருந்து அவர் முடி எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அன்றுதான் பார்த்தாள் போலிருக்கிறது, கையை எடுத்து அவர் தோளில் வைத்தாள். லிஃப்ட்காரர் கேமராவில் புது ஃபிலிம் போட்டு, கிட்டப் போய், கண்ணை வைத்தார்.

இந்த முறை அவர் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார். நாலு பக்கக் கோட்டையும் பார்த்தார். இரண்டு தலையும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். யாருக்கும் ஓரவஞ்சனை இருக்கக் கூடாது என்று சதுரத்தை இருவருக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார். அங்கே வெள்ளைச் சுவர். வெறும் சுவரில் ஒன்று எது, இரண்டு எது? வளையத்தை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருந்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

"எங்க பார்க்கிறீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார் மச்சான், தலையை ஆட்டாமல்.

"நடுவுல."

"நடுவுல ஒண்ணும் இல்ல. நீங்க எப்பவும் போல அவளையே பார்த்துக்கிட்டு இருங்க. நான் ஓரமா வந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு முக்காலியோடு நகர்ந்து தங்கை பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். லிஃப்ட்காரர் சதுரத்தை அவள் முகத்துக்குக் கொண்டுபோனார். அவள் இரண்டாகத் தெரிந்தாள். வளையத்தை எவ்வளவு திருகியும் இரண்டும் ஒன்று சேரவில்லை. கேமராவில் பழுதில்லை, அவர் கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், அவர்கள் இரண்டு பேரும் அசையாமல் காத்திருந்தார்கள்.